நெடுவாயன் நிற்கும் இடம்

வெளிப்பார் என்ற கடலடித் திட்டில் சங்கு குளிக்க இறங்க வேண்டுமென்றால் கித்தேரி என்ற பெண் தலையசைக்க வேண்டும். வெண்திட்டுத் தீவில் அதுதான் வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. மீறி இறங்கியவர்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு வருஷா வருஷம் கோயிலில் பூசை வைக்கிறார்கள்.

காரணம் நெடுவாயன்.

இரண்டு வள்ளங்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் என்ன நீளமோ அவ்வளவு நீளம். அதில் மூன்றில் ஒரு பங்கு வாய். வேறு ஊரில் இப்படி ஒரு மிருகம் வந்திருந்தால் அதை விரட்டச் சொல்லி மாதாவுக்குத் தேர் இழுத்திருப்பார்கள். வெண்திட்டுக்காரர்கள் அதன் வாயை வள்ளத்தின் முகப்பில் வரைந்து வைத்திருந்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட, எங்கள் கடலில் நெடுவாயன் இருக்கிறது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவ்வளவு பெருமை.

அந்த வெளிப்பாருக்காகத்தான் தொம்மை வந்தான். அக்கரையில் கொடி கட்டிப் பறந்த குளியாள் அவன். தலை நரைத்த பிறகும் மூச்சடக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கடலில் ஒரு முள் என் மேல் பட்டதில்லை என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் சொல்லுவான், பொய்யும் இல்லை. வெளிப்பாரில் இறங்காமல் குளியாள் என்று சொல்லிக்கொள்வது மட்டும் அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கித்தேரிக்கு அவனுடைய கடைசித் தங்கை வயது. இருந்தாலும் அவளிடம் பாடம் கேட்க வந்தான்.

வந்த அன்றே வினை. வள்ளத்தை விட்டு இறங்கி நங்கூரத்தைச் சரிசெய்யத் தண்ணீருக்குள் கையை விட்டான். மணலில் புதைந்து கிடந்த திருக்கை வலது உள்ளங்கையில் முள்ளைச் செருகியது. முள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதுவும் முழங்கால் தண்ணீரில். இதை வெளியே சொல்லுவதா? முழங்கால் தண்ணீரில் குத்து வாங்கியவனை வெளிப்பாருக்கு யார் அனுப்புவார்கள்? தொம்மை கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டான்.

பாடம் தொடங்கியது.

"அது என்னத்தைத் தின்னும், கித்தேரியம்மா?"

"திருக்கையை. வேற எதையும் ஏறிட்டும் பாக்காது. திருக்கை என்ன செய்யும்? சிப்பி, சங்கு ஒண்ணு விடாம நொறுக்கித் தின்னும். நெடுவாயன் இல்லாத பாருல சங்கு கிடையாது. நாம தின்னுற சோறு அது போட்டது அண்ணாச்சி."

"எப்படிப் பிடிக்கும்?"

"மணலுக்குள்ள கிடக்கும். கண்ணு மங்கல்தான். தாடையில வரிசையா குழி இருக்கு. மேல ஒரு திருக்கை சிறகை அசைச்சா அந்தத் தண்ணி அசைவு குழிக்குத் தெரியும். எந்திரிச்சு ஒரே வாய். பிறகு ஒரு அமாவாசை வரைக்கும் பட்டினி கிடக்கும்."

"மனுசனை?"

"மனுசன் அதுக்கு ருசிக்காது. ஆனா மேல அசையுறது மனுசன்னு குழிக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் அதோட பசியைப் படிச்சிட்டு இறங்கணும்."

தொம்மை ஒரு தடவை கேட்டதை மறக்கிறவன் இல்லை. எந்த நீரோட்டத்தில் அது புதையும், எந்த மாதம் குட்டி போடும் என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னான். கித்தேரிக்கே சந்தோஷமாக இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் சங்கடம் வந்தது.

"என்ன அண்ணாச்சி, எடது கையால திங்கீக?"

"ஒரு நேர்ச்சை."

"யாருக்கு?"

"அந்தோணியாருக்கு."

"அந்தோணியார் இந்த வருசம் ரொம்பக் கண்டிப்பு போல," என்று சொல்லிவிட்டு அவள் மீன் குழம்பை ஊற்றினாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் வீக்கம் முழங்கைக்கு ஏறியது. காய்ச்சலும் வந்தது. தொம்மைக்குப் பயம்தான். கை போனால் குளியாளுக்கு என்ன மிச்சம்? ஆனாலும் பயத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது. வலியை மறக்க எதையாவது பேச வேண்டியிருந்தது.

"கித்தேரியம்மா, இம்புட்டுப் பெரிய மிருகத்துக்கு ஒரு குறையும் கிடையாதா?"

அவள் எழுந்து போய் வள்ளத்தைத் தள்ளினாள். கரையை ஒட்டிய உள்பாருக்கு வந்ததும் துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டாள்.

"இறங்கிப் பாருங்க. இந்த இடத்துல அது யாரையும் ஒண்ணும் செய்யாது. அடியில கிடக்கிறதை ஒரு கை அள்ளிட்டு வாங்க."

தொம்மை மூச்சை இழுத்து இறங்கினான்.

முதலில் தூண் என்று நினைத்தான். பிறகு அது நெடுவாயன் என்று தெரிந்தது. வால் தரையைத் தொட, வாய் வானத்தைப் பார்க்க, நட்டுவைத்த மாதிரி நின்றது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. விரல் நீள மஞ்சள் மீன்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. ஈறில் ஒரு முள் ஏறியிருந்தது. மீன்கள் அதைச் சுற்றிப் புண்ணைக் கொத்திக் கொத்தித் தின்றன. நெடுவாயனின் உடம்பு ஒரு தடவை நடுங்கியது. வாயை மூடவில்லை. முள் கழன்று தொம்மையின் தோளைத் தாண்டிக் கீழே போனது. கீழே தரை தெரியாமல் முள்ளாகவே கிடந்தது. இடது கையால் ஒரு பிடி அள்ளினான்.

அவன் மேலே வந்து வள்ளத்தில் ஏறினான்.

"என்ன கண்டீக?"

"மாதா சொரூபத்துக்கு முன்னால நிக்கிற மாதிரி இருந்துச்சும்மா. என்னை அறியாமக் கும்பிடப் போனேன்."

"கையில?"

"திருக்கை முள்ளு."

"எல்லாம் அது வாயில இருந்து விழுந்ததுதான். தின்னுற திருக்கை சும்மாவா போகும்? குத்திட்டுத்தான் போகும். பிடுங்கிப்போட அதுக்குக் கை இல்ல. உள்ள கிடந்து சீழ் வச்சா தின்ன முடியாது, செத்துப்போகும். அதனால இங்க வந்து வாயைத் திறந்து நிக்கும். அந்த நேரம் ஒரு சின்னச் சுறா வந்து வயித்தைக் கிழிச்சாக்கூட அதால ஒண்ணும் செய்ய முடியாது."

தொம்மைக்குக் கோபம் வந்தது. நெடுவாயனுக்காக வந்த கோபம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான்.

"கடலுக்கே ராசா. வெரலுக்குக்கூடக் காணாத மீனுங்ககிட்டப் போயி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கணுமா? அதுக்குக் கேவலமா இருக்காது?"

"பக்கத்துல நின்னு பாத்தது நீங்க. கேவலமாவா இருந்துச்சு?"

வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. தொம்மை தண்ணீரைப் பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்தான். ஒட்டிப்போயிருந்த கடைசிச் சுற்றைப் பிய்த்தெடுத்து, கையை அவள் முன்னால் நீட்டினான். உள்ளங்கை கருநீலமாக இருந்தது.

கித்தேரி துடுப்பை எடுத்தாள். கரைக்கு வந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்கச் சொன்னாள். சிப்பி திறக்கிற கத்தியை நெருப்பில் காட்டிப் புண்ணைக் கீறினாள். தொம்மை முகத்தைத் திருப்பவில்லை. நடுங்கினான், ஆனால் கையை இழுக்கவில்லை. சீழோடு முள் வெளியே வந்தது.

"முழங்கால் தண்ணியில," என்றான். அதை அவனாகவே சொன்னான். சொன்ன பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். வெட்கப்பட்டவன் மாதிரி இல்லை.

அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"இனி என்னை வெளிப்பாருக்கு விடமாட்டீக. தெரியும்," என்றான்.

கித்தேரி துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நேத்து வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்," என்றாள்.