வேலுத்தாயின் வரிசை

“மக்காச்சோளமா வளர்த்திருக்கே? சீக்குக் கோழி மாதிரி நிக்குது! குழு வர்ற அன்னைக்கு என் மானத்தை வாங்கவா?” என்று வேலுத்தாயிடம் மூன்றாவது முறையாகக் கத்தினார் ஆராய்ச்சிப் பண்ணைத் தலைவர் ஞானசிகாமணி. “மத்தியானத்துக்குள்ளே, தண்ணி விடாமலே, உன் வரிசை என் பாத்தி மாதிரி பச்சையாகணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

வேலுத்தாய் பண்ணைக் கூலி. வறட்சியைத் தாங்கிய செடிகளுக்கு மட்டும் காகிதப் பை மாட்டி, மகரந்தம் சேர்த்து, அந்தச் சரளை மண்ணில் நான்கு வருஷமாக அவள் பொறுக்கியெடுத்த ரகம் அது. இருந்த விதை முழுவதையும் அந்த ஒரே வரிசையில்தான் ஊன்றியிருந்தாள்.

வறட்சி தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழு வந்தது. “நாற்பது நாளாக என் ரகத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது” என்று ஞானசிகாமணி ஐயா முழங்கினார்.

“ஐயா செடியிலே ஒண்ணு, என் செடியிலே ஒண்ணு பிடுங்கிப் பாருங்களேன்” என்றாள் வேலுத்தாய், பணிவாகத்தான்.

ஐயாவின் செடி இரண்டு விரலுக்கே வந்துவிட்டது, வேரில் ஈரச் சேறோடு. அவளுடையதைக் குழுத் தலைவர் இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. ஐயாவின் முகம் போன போக்கைச் சொல்லவும் வேண்டுமா?

“இந்த விதைதாம்மா வேணும். கதிர் எங்கே?” என்றார் குழுத் தலைவர்.

வேலுத்தாய் அப்போதுதான் பார்த்தாள். வரிசை முழுக்கக் கதிரில்லாத வெறும் தட்டை. பிடுங்கி எறியப்போகிற செடிதானே என்று, அவளைத் தோரணம் கட்ட அனுப்பிவிட்டு, விருந்தாளிகளுக்கு அவிக்க ஐயா கதிர்களையெல்லாம் ஒடிக்கச் சொல்லியிருந்தார். உப்பும் மிளகாயும் தடவிய கதிர், பாதி தின்றபடி, எல்லார் கையிலும் தட்டிலும் இருந்தது.

“வேகாதது ஒண்ணே ஒண்ணு இருந்தாக் குடுங்கய்யா” என்று தட்டு ஏந்தி நின்றவரிடம் கேட்டாள், குழுத் தலைவரிடம் கேட்டாள், ஐயாவிடமும் கேட்டாள்.