பதினான்கு சுமைச்சட்டங்கள்

"ஆசானே, நல்ல சுமைச்சட்டம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்று கோலப்பன் கேட்டான்.

இசக்கி ஆசான் வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு முதுகுக்கு?"

"என் முதுகுக்குத்தான்."

"பெறகு எதுக்கு மாசானத்தப் பாத்துக்கிட்டே கேக்கீரு?"

கோலப்பன் சட்டென்று பார்வையைத் திருப்பினான். முற்றத்தின் அந்தப் பக்கம் மாசானம் தன் சட்டத்தின் தோள்வாரை இழுத்து முடிந்துகொண்டிருந்தான்.

மலையடிவாரத்தில் வேட்டை பழக்கிக் கொடுப்பவர் இசக்கி ஆசான். கோலப்பன் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். நாற்பது தாண்டிய பிறகு வேட்டை படிக்க வந்தவன் என்பதால் அவனை மட்டும் ஆசான் 'நீரு' என்று பேசுவார். வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. மாசானம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

சுமைச்சட்டம் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நெட்டுக்கு இரண்டு மூங்கில், குறுக்கே நான்கு பிரம்பு, முதுகு படும் இடத்தில் நார்ப் பின்னல், தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒரு வார். மலையேறும்போது அரிசியும் போர்வையும் உள்ள பையை அதில் கட்டிக்கொள்வார்கள். இறங்கும்போது பையைச் சுருட்டிவிட்டு, வேட்டையாடிய மிளா மானின் இறைச்சியைக் கட்டுவார்கள். ஏறி இறங்கப் பதினோரு நாள் ஆகும். பதினோரு நாளும் முதுகில் இருக்கிற பொருள் என்பதால் அரை ராத்தல் கனம் கூடினாலும் உடம்புக்குத் தெரியும்.

போன வருடம் இருவருக்கும் ஒரே அளவு இறைச்சிதான். மாசானத்தின் சட்டம் இரண்டு ராத்தல், கோலப்பனுடையது நான்கு. வழியில் மாசானம் நான்கு தடவை உட்கார்ந்தான். கோலப்பன் ஒன்பது தடவை. இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருந்தவன் கோலப்பன்தான், எண்ணுவதற்காகவே இரண்டு தடவை கூடுதலாக உட்கார்ந்திருப்பான். போதாததற்கு மாசானம் சரிவில் இறங்கும்போது விசிலடித்தான். சுமையோடு விசிலடிக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்?

கோலப்பனைக் கெட்டவன் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காட்டை அவன் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. எந்த ஓடை எந்த மாதம் வற்றும், ஆனை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாக அவன் ஒன்றே ஒன்றுக்குக் காத்திருந்தான். ஐந்து பேர் கொண்ட வேட்டைக் கூட்டத்தில் முதல் ஆளாக நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு முன்நடை என்று பெயர். முன்நடைக்காரன் நின்றால் எல்லோரும் நிற்பார்கள், அவன் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள். இதுவரை அது ஆசானின் இடமாக இருந்தது. இந்த வருடம் முழங்கால் காரணமாக ஆசான் போகவில்லை.

முழங்கால் வீங்கிய அன்று கோலப்பனுக்கு வருத்தத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. அது என்ன என்று அவனுக்கும் தெரியும். ஆனால் நாலு நாள் கழித்து யாரோ, "முன்நடை மாசானத்துக்குத்தான் போகும்போல" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இரண்டு ராத்தல் சட்டம்தான் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

"ரெண்டு பேரும் இன்னைக்கு விறகெடுக்கப் போறீங்கல்லா? சட்டத்த மாத்திக்கிடுங்க" என்றார் ஆசான்.

மாசானம் உடனே தன்னுடையதைக் கழற்றி நீட்டினான்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டானே என்பது கோலப்பனைக் குடைந்தது. பிடுங்க வேண்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

போகும்போது முதுகில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. கோலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை, விசிலடிக்கக்கூடப் பார்த்தான். திரும்பும்போது மாசானம் முன்னால் நடந்தான். அவன் முதுகில் கோலப்பனின் பழைய சட்டமும் ஒரு கட்டு விறகும் இருந்தன. கட்டு அசையவே இல்லை.

"கனமா இருக்கா?" என்று பின்னாலிருந்து கோலப்பன் கேட்டான்.

"இல்ல அண்ணாச்சி. முதுகோட ஒட்டி நிக்கி. ஆடவே மாட்டுக்கு."

அந்த நிமிடத்திலிருந்து கோலப்பனுக்கு இடுப்பு வலித்தது. தன் முதுகில் கட்டு இடமும் வலமும் ஆடுவது தெரிந்தது. மாசானத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவன் பாதையை விட்டு முள்ளுக்குள் காலை வைத்தான்.

வந்ததும் ஆசானிடம் போனான்.

"பழசையே குடுத்திருங்க."

"இது லேசா இல்லையா?"

"லேசுதான். ஆனா அவன் அதுல நல்லா நடக்கான்."

ஆசான் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரே மூங்கிலை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். அதைப் பிளந்து, ஒரே அளவில், ஒரே பின்னலில் இரண்டு சட்டங்கள் செய்தார். தராசில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் தொங்கவிட்டார். முள் அசையவில்லை.

"முதல்ல நீரு எடும்."

கோலப்பன் ஒன்றை எடுத்தான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான்.

"அவனுது லேசு."

ஆசான் மறுபடியும் தராசில் போட்டார். முள் அசையவில்லை.

"தராசுல ஏதோ கோளாறு இருக்கு ஆசானே."

"அப்பம் மாத்திக்கிடும்."

மாற்றிக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் வந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதும் இல்லை.

அன்றைக்குத்தான் ஆசானின் முகத்தில் கவலை தெரிந்தது. மாசானத்தைக் கூப்பிட்டு, உப்பு வாங்கி வரச் சொல்லி அடிவாரச் சந்தைக்கு அனுப்பினார். போக ஒரு நாள், வர ஒரு நாள். அவன் தலை மறைந்ததும் கோலப்பனைச் சட்டங்கள் தொங்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். புதியது இரண்டும் சேர்த்து உள்ளே பதினான்கு இருந்தன.

"நாளக் கழிச்சு காலம்பற கெளம்பணும். அதுக்குள்ள ஒண்ண எடும். மாசானம் வந்து மிச்சத்துல எடுப்பான்."

"முன்நடை?"

"தன் சட்டத்தத் தானே பாத்து எடுக்கவன் முன்னால நடக்கட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கோலப்பனுக்கு நம்ப முடியவில்லை. மாசானம் ஊரிலேயே இல்லை. முதல் கை தன்னுடையது. ஒன்பது வருடத்துக்குப் பலன் இவ்வளவு லேசாகக் கிடைத்ததே என்று கண் கலங்கிவிட்டது.

அவன் வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினான். ஒவ்வொரு சட்டத்திலும் அரை மூட்டை நெல்லைக் கட்டி முற்றத்தைச் சுற்றி வந்தான். ஒன்று நடையில் கிறீச்சிட்டது, அந்தச் சத்தத்துக்கே மிளா ஓடிவிடும். ஒன்று தலைக்கு மேல் நீண்டு கிளையில் மாட்டும். ஒன்றின் தோள்வார் மெலிந்து போயிருந்தது, இறைச்சிக் கனத்துக்குத் தோளை அறுத்துவிடும். இப்படித் தள்ளித் தள்ளி மத்தியானத்துக்குள் இரண்டில் வந்து நின்றான். ஏழாவது மிகவும் லேசு. பதினொன்றாவது கொஞ்சம் கனம், ஆனால் சுமை ஏறினால் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. வேறு யாருக்காவது எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்றை யோசிக்காமல் எடுத்துக் கொடுத்திருப்பான்.

ஏழாவதை எடுத்தால் பதினொன்றாவது மாசானத்துக்குப் போகும். பதினொன்றாவதை எடுத்தால் ஏழாவது போகும்.

அவன் ஆசானிடம் போனான்.

"மாசானம் போறதுக்கு முன்னால எதையாவது பாத்து வச்சிருந்தானா?"

"இல்ல."

சாயங்காலம் மறுபடியும் போனான்.

"அவனுக்கு லேசு பிடிக்குமா, உறுதி பிடிக்குமா?"

"வந்தப்புறம் அவங்கிட்டயே கேளும்."

மறுநாள் பதினொன்றாவதைத் தூக்கிக்கொண்டு போய் மூங்கில் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ஐம்பது வயது மனிதன் செய்கிற காரியமா என்று கூசியது. ஏழாவதைத் தோளில் மாட்டினான். மாட்டியதும் இன்னொரு யோசனை வந்தது. ஒளித்து வைக்கிற அளவுக்கு இருந்தால் அதுதானே நல்லது? ஓடிப்போய் அதை எடுத்து வந்து, ஏழாவதைக் கொண்டுபோய் ஒளித்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் அதையும் திருப்பி எடுத்து வந்தான். பொழுது இப்படியே போயிற்று.

கிளம்புகிற நாள் காலையில் கூட்டத்தின் மற்ற மூவரும் பையைக் கட்டித் தயாராக நின்றார்கள். மாசானம் உப்பு மூட்டையோடு வந்து சேர்ந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கோலப்பன் கொட்டகை வாசலில் வெறும் முதுகோடு நின்றான்.

"எடுத்தாச்சா?" என்றார் ஆசான்.

"அவன் எடுக்கட்டும் ஆசானே. பெறகு நான் எடுக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

மாசானம் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனான். ஒன்றை மாட்டி நாலடி நடந்தான், கழற்றி வைத்தான். இன்னொன்றை மாட்டிக் குனிந்து நிமிர்ந்தான், அதையும் வைத்தான். மூன்றாவதாக மாட்டியதோடு வெளியே வந்தான். அது ஏழாவதும் அல்ல, பதினொன்றாவதும் அல்ல. மூலையில் தொங்கிய ஏதோ ஒரு பழைய சட்டம். கோலப்பன் முதல் நாள் காலையிலேயே தள்ளி வைத்தது.

"அத நான் பாத்து வச்சிருந்தேன்" என்றான் கோலப்பன்.

"அப்படியா அண்ணாச்சி? எனக்குத் தெரியாது" என்று மாசானம் அதைக் கழற்றிக் கொடுத்தான். உள்ளே போய் வேறொன்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

கோலப்பன் அந்தச் சட்டத்தை மாட்டிக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தது. தோளில் அறுக்கவில்லை, இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. அதற்குள் அவன் கண் மாசானத்தின் முதுகுக்குப் போய்விட்டது. அங்கே இப்போது இருந்தது எத்தனையாவது? ஒன்பதா? ஒன்பதாவதை ஏன் நாம் சரியாகப் பார்க்கவில்லை?

தன் மனசு இப்படி ஓடுவதை அவனே பார்த்துவிட்டான். சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"நான் சொன்னது பொய், ஆசானே. இத நான் பாத்து வைக்கல."

கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான்.

"எதையுமே நான் பாக்கல. ரெண்டு நாளா அந்தப் பதினாலையும் அவன் முதுகுல மாட்டி மாட்டித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியல."

மாசானத்தைக் கைகாட்டினான்.

"அவன்தான் தானாப் பாத்து எடுத்தான். முன்நடை அவனுக்குத்தான். நான் கடைசியில வாரேன், இல்லன்னா இங்கயே நின்னுக்கிடுதேன்."

அந்த வார்த்தைகளை அவன் மனசாரச் சொல்லவில்லை. சொல்லும்போதுகூட வயிறு எரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

ஆசான் காலைச் சாய்த்துச் சாய்த்து எழுந்து வந்தார். கீழே கிடந்த சட்டத்தைத் தூக்கிக் கோலப்பனின் முதுகில் வைத்தார். தோள்வாரை மாட்டிவிட்டார். இடுப்பு வாரைத் தன் கையாலேயே இழுத்து முடிந்தார்.

"முன்னால போய் நில்லும்."

கோலப்பன் நகரவில்லை.

"நான் எடுக்கலையே ஆசானே. அது அவனுக்கு உள்ள இடம்லா?"

ஆசான் மாசானத்தைப் பார்த்தார். மாசானம் ஏற்கெனவே இரண்டாவது ஆளாகப் போய் நின்றிருந்தான்.

"அவன் எங்க நின்னாலும் அவனுக்கு வழி தெரியும்" என்றார் ஆசான். "முன்னால ஒரு முதுகு இருக்கது வரைக்கும் உமக்கு வழி தெரியாது."