கரகரத்த டயல் டோன்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இனி நான் சாப்பிடுகிற சோற்றில் உப்பு உறைக்காமல் போகட்டும். குற்றால மலை சாட்சி. மலையை நம்பாதவர்கள் அருவியைக் கேட்டுக்கொள்ளலாம். அருவி வற்றிக் கிடக்கிற மாதத்தில் போய்க் கேட்டுவிட்டு என்னைக் குறை சொல்லக் கூடாது. அத்தனையும் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

அந்த மலைச்சரிவில், பாறையூருக்கு மேலே, ஒரு மடம் இருந்தது. சாமி படம் கிடையாது, திருநீறு கிடையாது. லினக்ஸ் கற்றுக்கொடுக்கிற மடம். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற சிஸ்டம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். ஒளித்து வைப்பதுதான் அந்த மடத்தில் குற்றம். அதனால் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. குளியலறைக்கும்தான். உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட வராதவர்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள்.

நான் அங்கே மாவரைத்தேன். நான் அரைத்த மாவு பொங்கி, உரலையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். அது வேறு கதை.

மடத்தின் ஆசான் குழல்வாய்மொழி அம்மை. நாற்பதைத் தொடாத வயது. மடியில் எப்போதும் வறுத்த கடலை. அவருக்குக் காது அப்படி. ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டே அதில் யார் வீட்டுக் கல்யாணப் போட்டோ இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய தலைமைச் சீடர் சங்கரபாண்டி. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர். ஆசானைவிட வயதில் மூத்தவர். ஆகவே சீடர் ஆசானை ‘அம்மை’ என்பார், ஆசான் சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். மடத்துக்கு வருகிறவர்கள் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

சங்கரபாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஒரு வருடம் பாறையூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், காலைப் பிரேயரில், மைக்கைக் கையில் வாங்கிச் சொல்லிவிட்டார்:

“பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு யாரும் பஸ் ஏறித் தென்காசிக்குப் போகவேண்டாம். மடத்துக்கு வாங்க. எங்க லினக்ஸ் டெலிபோன் வயர் வழியா ரிசல்ட்டைக் கொண்டுவந்து உங்க கையில தரும். இது என் வாக்கு.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியை ஞானசெல்வம் டீச்சர் மட்டும் தட்டவில்லை.

“காலையில ஒரே பஸ்தான் சார். அதை விட்டா சாயங்காலம்தான்” என்றார்.

“அதை விட்டுருங்க டீச்சர்” என்றார் சங்கரபாண்டி.

வாக்குக் கொடுத்த பிறகுதான் மோடம் வந்தது. மோடம் என்றால் கம்ப்யூட்டரை டெலிபோன் வயரில் பேசவைக்கிற பெட்டி. அந்தக் காலத்தில் அது இல்லாமல் இன்டர்நெட் இல்லை. கம்ப்யூட்டருக்கு உள்ளே பொருத்துகிற மோடங்கள் பல லினக்ஸைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். வெளியே வைக்கிற மோடம் நல்ல பிள்ளை. தனி கரண்ட், தனி சுவிட்ச், முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்கு. அதைத்தான் வாங்கியிருந்தார்கள்.

சங்கரபாண்டி வயரை மாட்டினார். நம்பரைச் சுழற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மையிடம் வந்தார்.

“அம்மை, மோடம் பேசமாட்டேங்கு.”

“என்ன சொல்லுது?”

“டயல் டோன் இல்லைன்னு சொல்லுது.”

“அப்போ பேசுதே.”

சங்கரபாண்டி திரும்பிப் போனார்.

லினக்ஸின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மொத்த சிஸ்டத்தையும் அதுதான் தாங்குகிறது. அதையும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், முழுக்கப் புதிதாகக் கட்டலாம். முடியும் என்பதாலேயே சங்கரபாண்டி கட்டினார். ஒரு முறை கட்டி முடிய அரை நாள் ஆகும். மெஷின் கொதிக்கும். அதன் மண்டையில் நான் தோசை வார்த்தேன். சத்தியமாக. ஓரம் முறுகலாக வந்தது.

கட்டி முடித்து மோடத்தைக் கேட்டால், டயல் டோன் இல்லை என்றது.

மறுபடி கட்டினார். இல்லை என்றது.

“அம்மை, கர்னல்ல எங்க கோளாறு?”

“கர்னல் மேல உங்களுக்கு என்ன கோபம் அண்ணாச்சி?”

“அதோட சோர்ஸ் கோடு மொத்தமும் கையில இருக்கே. இருக்கும்போது உள்ள பார்க்காம விடமுடியுமா?”

“வீடு நம்ம வீடுதான். தபால்காரன் வரலைங்கிறதுக்காகச் சுவரை இடிப்பீங்களா?”

சங்கரபாண்டி பலமாகத் தலையாட்டினார். போய் இன்னொரு சுவரை இடித்தார்.

இப்படியே ரிசல்ட் நாள் வந்துவிட்டது.

காலையில் பஸ் பாறையூரில் நின்றது, ஹாரன் அடித்தது, யாரும் ஏறாமல் போய்விட்டது. பிள்ளைகள் மலைச்சரிவில் வரிசையாக ஏறி வந்தார்கள். தலையில் பூ. கையில் ஹால் டிக்கெட். ஞானசெல்வம் டீச்சர் குடையோடு கடைசியில் வந்தார். மடத்து முற்றம் நிறைந்துவிட்டது. தாழ்ப்பாள் இல்லாத கதவு வழியாக எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சங்கரபாண்டி திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சங்கரபாண்டி சார், பஸ் போயிட்டு” என்றார் டீச்சர். “இப்போ எங்களுக்கு நீங்கதான் பஸ்.”

“ஆகும் டீச்சர்.”

“டயர் பஞ்சரா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். சங்கரபாண்டி எழுந்து அம்மையிடம் வந்தார். அவர் குரல் இறங்கி நான் அன்றுதான் கேட்டேன்.

“அம்மை, என்னை நம்பி பஸ்ஸை விட்டுட்டு வந்திருக்குதுக. இன்னைக்கு இது பேசலைன்னா நான் இந்த ஊர்ல யார்கிட்டயும் வாய் திறக்க முடியாது. கர்னல்ல இன்னும் எதைத் திருத்தட்டும்?”

அம்மை கடலையை மடியில் முடிந்துவைத்தார். எழுந்து போய் டெலிபோன் ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தார்.

“என்ன கேக்கு?”

“டயல் டோன்.”

“அதுதான்னு எப்படித் தெரியும்?”

“என்ன அம்மை இது. இந்த ஊருக்குப் போன் வந்த நாள்லேருந்து கேட்டுட்டு வாரேன். நம்ம டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எப்பவும் தொண்டை கட்டித்தான் இருக்கும்.”

உண்மைதான். பாறையூர் டயல் டோன் என்பது, கஞ்சி குடித்த எருமை திருப்தியாக முனகுகிற மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் போன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள்.

“மோடம் எந்த ஊர்ல செஞ்சது?” என்றார் அம்மை.

சங்கரபாண்டி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“தைவான்.”

“அங்க டயல் டோனுக்குத் தொண்டை கட்டுமா?”

சங்கரபாண்டி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“இதுக்கு நம்ம டோன் தெரியலை. தெரியாததால இல்லைங்கு.”

அம்மை ரிசீவரை வாங்கிக் கீழே வைத்தார்.

“அப்படின்னா எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிப் போட்டு, டோனைச் சரிபண்ணச் சொல்லணும் அம்மை.”

“எதுக்கு? இந்தக் குரலைக் கேட்டுட்டுத்தான் இந்த ஊர்ல கல்யாணம் பேசியிருக்காங்க. சாவு சொல்லியிருக்காங்க. வந்து இறங்கின பெட்டிக்குப் புரியலைன்னா எக்ஸ்சேஞ்ச் தொண்டையை மாத்தணுமா?”

“அப்போ பெட்டிகிட்ட என்ன சொல்ல?”

“வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி தெரியலைன்னா நீங்க என்ன சொல்வீங்க?”

“நின்னு யோசிக்காதீங்க, நேரா வாங்கன்னு சொல்வேன்.”

“அதைச் சொல்லுங்க.”

சங்கரபாண்டி உட்கார்ந்தார். டயல் டோனை எதிர்பார்க்காதே, நேரே நம்பரைச் சுழற்று என்று மோடத்துக்குச் சொல்ல ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஏ, டி, எக்ஸ், மூன்று. அவ்வளவுதான். கர்னல் முழுக்கத் துழாவியவருக்கு அதை அடிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

மோடம் ‘சரி’ என்றது. நம்பரைச் சுழற்றியது.

இரண்டு மோடங்கள் வயரின் இரண்டு முனையிலிருந்து அறிமுகம் செய்துகொள்கிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கீச்சென்று தொடங்கி, கரகரவென்று இரைந்து, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி முடியும். அன்று அந்தச் சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது. கருமந்திகள் கூட்டமாக இறங்கிவந்து மடத்து ஓட்டின் மேல் உட்கார்ந்து பதில் குரல் கொடுத்தன. அதில் ஒரு கிழட்டு மந்தி சரியான சுருதியில் கத்தியதால்தான் இணைப்பு சீக்கிரம் கிடைத்தது என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

மோடத்தின் முகத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. பிறகு, சத்தமில்லை. திரையில் மேலிருந்து கீழாக, வரி வரியாக, ரிசல்ட் பக்கம் இறங்கத் தொடங்கியது.

நான் மார்தட்டிச் சொல்வேன். அந்த வட்டாரத்தில் ரிசல்ட் மனிதர்களைத் தேடி மலை ஏறி வந்தது எங்கள் மடத்துக்குத்தான்.

சங்கரபாண்டி ஹால் டிக்கெட்டை வாங்குவார், நம்பரை அடிப்பார், எழுந்து நின்று பேரைச் சொல்வார், “பாஸ்” என்பார். ஒவ்வொரு ‘பாஸ்’ஸுக்கும் அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில், பேரைச் சொல்வதற்கு முன்னாலேயே முற்றம் கைதட்டத் தொடங்கிவிட்டது. ஞானசெல்வம் டீச்சர் குடையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

அப்புறம் இசக்கி என்ற பிள்ளையின் நம்பர். அடித்தார். பக்கம் இறங்கியது. சங்கரபாண்டி எழுந்திருக்கவில்லை.

கணக்கில் போய்விட்டது.

அவர் அம்மை பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்.

“லைன் கட்டாயிட்டுன்னு சொல்லிரட்டா அம்மை? இத்தனை பேர் முன்னால வேண்டாம். நாளைக்குப் பேப்பர்ல பார்த்துக்கிடட்டும்.”

“கட்டாயிட்டா?”

“இல்லை.”

அம்மை கடலை முடிச்சை அவிழ்த்தார்.

சங்கரபாண்டி கொஞ்ச நேரம் மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பிறகு, “இசக்கி, நீ உள்ள வா தாயி” என்று கூப்பிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இசக்கி குனிந்து வாசித்தாள். முற்றம் அமைதியாகிவிட்டது. மந்திகள்கூட வாயை மூடிக்கொண்டன.

“கணக்கு மட்டுந்தானா போச்சு?” என்றாள். “பிசிக்ஸும் போகும்னு நெனச்சேனே.”

“பிசிக்ஸ் பாஸாட்டீ?” என்றார் டீச்சர் வாசலிலிருந்து.

“பாஸு டீச்சர். எப்படின்னு எனக்கே தெரியலை. கணக்கை அக்டோபர்ல எழுதிக்கிடுதேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மோடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இதுதான் கொண்டுவந்துச்சா மாமா?”

“ஆமா.”

“எங்க ஊரு போன் வழியாவா?”

“உங்க ஊரு போன் வழியாத்தான்.”

இசக்கி நிமிர்ந்து தன் கூட்டாளிகளைப் பார்த்தாள்.

“எங்க அக்காமாரெல்லாம் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்த்தான் பெயிலானாவ. நான் எங்க ஊருலயே பெயிலாயிருக்கேன், பாத்துக்கிடுங்க.”

முதலில் டீச்சர்தான் சிரித்தார். பிறகு மலையே சிரித்தது. பிள்ளைகள் இசக்கியை நடுவில் விட்டு, கும்பலாகச் சரிவில் இறங்கிப் போனார்கள். டீச்சர் போகும்போது, “அக்டோபர் ரிசல்ட்டுக்கும் பஸ்ஸை விட்டுட்டு வருவோம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முற்றம் காலியானது. சங்கரபாண்டி மீசையில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அம்மைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மை, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“பெருமை கூடாதும்பாங்க. ஆனா எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கு. மோடத்தைப் பேசவச்சு ரிசல்ட்டைக் கொண்டுவந்தவன் நான்தான்னு ஊருக்குள்ள சொல்லிக்கிடலாமா?”

அம்மை ஒரு கடலையை உடைத்து, தோலை ஊதிவிட்டார்.

“தாராளமா சொல்லுங்க அண்ணாச்சி. இசக்கிக்குக் கணக்குல போனதைக் கொண்டுவந்தவனும் நான்தான்னு சேர்த்துச் சொல்லுங்க.”

சங்கரபாண்டி மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பேரை எடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் மாவரைத்துக்கொண்டிருந்ததாகத்தான் அம்மை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.