தவசிலிங்கம் தன் கையால் பிடித்த சீலா மீன்

செம்பூத்துப்பட்டிக்காரர்களைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், பக்கத்து ஊர்க்காரன் வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் படகுக்காரரின் போன் நம்பரைக் கொடுத்தவனே நான்தான். அந்தப் பாவத்தைத் தொலைக்கவாவது நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்தால் பேச மாட்டார்கள், கூட்டம் போடுவார்கள். அதற்குத் தலைவர் ஒருத்தர், செயலாளர் ஒருத்தர், நோட்டு ஒன்று. போன வருசம் ஒரு மாடு கிணற்றில் விழுந்தது. அதைத் தூக்குவதென்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மாடு தானாகப் படியேறி மேய்ச்சலுக்குப் போய்விட்டது. தீர்மானம் முழு வெற்றி என்று நோட்டில் இருக்கிறது. நானே படித்தேன்.

இந்த ஊர்த் தவசிலிங்கத்துக்கு ஒரே மகள், கனிச்செல்வி. அவள் கல்யாணப் பந்தியில்தான் வினை ஆரம்பித்தது. சம்பந்தி சேர்மராஜ் கோவில்பட்டிப் பக்கம். கடலை அவரும் பார்த்ததில்லை, ஆனால் பேச்சு மட்டும் கப்பல்காரர் பேச்சு. மறுவீட்டு விருந்துக்குச் சீலா மீன் போடுவீர்களா, இல்லை கண்மாய்க் கெண்டைதானா என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிட்டார். சீலா என்றால் வேறொன்றும் இல்லை, கடைகளில் வஞ்சிரம் என்று விற்கிறார்களே, அதுதான்.

தவசிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மகள் கண்ணைக் காட்டிப் பார்த்தாள், மனுசன் நிற்கவில்லை.

"சம்பந்தி, நானே கடலுக்குப் போயி, என் கையால பிடிச்ச சீலாதான் உங்க இலையில விழும். விழலேன்னா, செத்தாலும் எம் மக வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சபையில் விட்ட வார்த்தை. பிள்ளை பிறந்தாலும் அப்பா வரமாட்டார் என்று கனிச்செல்வி மணமேடைக்குப் பின்னால் நின்று அழுதாள். அது மட்டும் எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் நம்பரைக் கொடுத்தேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் பிலவேந்திரன் என்று ஒருத்தர். வெளியூர் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், தூண்டிலைக் கையில் கொடுத்து, பிடிக்கச் சொல்லித்தந்து, கரை சேர்ப்பது அவர் தொழில். நல்ல மனுசன். போனில் எல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை விடிய அஞ்சு மணிக்கு வந்துவிடுங்கள், தூண்டில், இரை எல்லாம் இங்கேயே இருக்கிறது, நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும் என்றிருக்கிறார். கடைசியாக ஒன்று சொன்னாராம். கடலில் நான் சொன்னதை மட்டும் செய்யுங்கள், சொல்லாததைச் செய்யாதீர்கள். செயலாளர் அழகுவேல் இதை மட்டும் சிவப்பு மையில் எழுதினார்.

நாலு பேர் புறப்பட்டார்கள். தவசி, தலைவர் குருவையா, அழகுவேல், தவசியின் மைத்துனன் சோலைமணி. பஸ்ஸில் ஏறியபோது நாலு பேர் கையும் சுத்தம். வாட்சு இல்லை, மோதிரம் இல்லை. அழகுவேல் நோட்டைத் தாடைக்குக் கீழே இடுக்கியிருந்தார். சோலைமணி குடையைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபோது குருவையா வாயைத் திறந்து காட்டினார். அந்தக் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பையன்தான். வாயிலேயே வைத்துவிட்டு, சில்லறையை மட்டும் சட்டைப் பையில் போட்டிருக்கிறான்.

கரையில் இவர்களைப் பார்த்ததும் பிலவேந்திரன், கையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா அண்ணாச்சி என்று விசாரித்திருக்கிறார். வெறுங்கை என்று நாலு பேரும் விரித்துக் காட்டினார்கள். அப்போதே அவர் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். தவசி மகள் கதையைச் சொல்லிக் கண் கலங்கவும் மனசு இளகி ஏற்றிக்கொண்டார்.

அவர் மீன் பிடிக்கும் முறை இதுதான். படகு மெதுவாக ஓடும். பின்பக்கம் நாலு தூண்டில் கம்புகள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் தகரம்போலப் பளபளக்கும் பொய் மீன் ஒன்று. அதை நிஜம் என்று நம்பிச் சீலா பாய்ந்து வந்து கவ்வும். மீன்களிலும் செம்பூத்துப்பட்டி ஒன்று இருக்கிறது போலிருக்கிறது.

கரை மறைவதற்குள்ளேயே குருவையாவுக்குக் குமட்டியது. மற்ற மூன்று பேருக்கும் முகம் வெளிறிவிட்டது. பிலவேந்திரன் என்ஜினைப் பிடித்தபடியே, தூரத்தில் வானமும் கடலும் சேருகிற இடத்தையே பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள், சரியாகிவிடும் என்றார். சரியாகித்தான் போனது. நாலு பேரும் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பு வளைந்தது. உருளையிலிருந்து நூல் சர்ரென்று ஓடியது. மீன், மீன், பாருங்க என்று பிலவேந்திரன் கத்தினார்.

"தெரியலையே தம்பி" என்றார் தவசி, வானத்தைப் பார்த்தபடி. "நீங்க சொன்ன இடத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கோம். அங்க ஒண்ணும் வரலையே."

"வந்தா நோட்டுல ஏத்திருவேன்" என்றார் அழகுவேல்.

நூல் அறுந்தது. பிலவேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதையும் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் பேச்சை அளந்து பேச ஆரம்பித்தார். இனிமேல் கம்பைப் பாருங்கள், வளைந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள், என்ன ஆனாலும் விடாதீர்கள். இப்படிச் சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார். திருப்பிய கையோடு சோலைமணி முன்னாலிருந்த கம்பு வளைந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்தான். மீன் இழுத்தது. இவன் எழுந்தான். மீன் இன்னும் இழுத்தது. கழுத்துக் குடையோடு கடலுக்குள் போனான், கம்பை விடவில்லை. பிலவேந்திரன் குதித்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். தண்ணீர் குடித்து வயிறு உப்பியிருந்தது, கம்பை விடவில்லை. படகுக்குள் போட்டு நூலைச் சுற்றினால், மறுமுனையில் முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு சீலா வெள்ளி மாதிரித் துள்ளிக்கொண்டு வருகிறது.

அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் என்றால், எங்கள் ஊர் என்றால், முடிந்திருக்கும்.

பிலவேந்திரன் மீனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, நின்றுபோன என்ஜினைக் கிளப்பக் குனிந்தார். அவர் முதுகு திரும்பியதும் குருவையா கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"இப்ப இந்த மீனைப் பிடிச்சது யாரு?"

"நாந்தான்" என்றான் சோலைமணி, பல் கிட்டியபடி.

"நீ கம்பைப் பிடிச்ச. கம்பு நூலைப் பிடிச்சிருக்கு. நூலுதான் மீனைப் பிடிச்சது."

"சோலைமணியப் பிடிச்சது படகுக்காரரு" என்று அழகுவேல் ஞாபகப்படுத்தினார். "அவரு பேரையும் சேத்துக்கிறணும்."

"எல்லாரும் பிடிச்சிருக்கீக" என்றார் தவசி. "நான் ஒருத்தன்தான் பிடிக்கல. சபையில என் கையாலன்னு சொன்னேன் மாமா. இதை இலையில வச்சா எம் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

குருவையா வெகுநேரம் யோசித்தார். அவர் யோசிக்கும்போது ஊரே பயப்படும். பிறகு தீர்ப்புச் சொன்னார். மீன் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. அதைத் திரும்பக் கடலில் விடுவது, தவசி உடனே பிடித்துக்கொள்வது. தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. விடுவதற்கு முன்னால் சோலைமணி மீனைத் தூக்கித் தவசி முகத்துக்கு நேராக, ஒருத்தரை ஒருத்தர் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று காட்டினான். அப்புறம் மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

என்ஜின் கிளம்பியது. பிலவேந்திரன் திரும்பிப் பார்த்தார். தொட்டி காலி. விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். முப்பது வருசத்தில் அன்றைக்குத்தான் கடலில் அழுகை வந்தது என்று எனக்குப் போன் போட்டுத் திட்டும்போது சொன்னார்.

வெயில் உச்சிக்கு வரும்வரை தவசி கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கரைக்கு வந்ததும் பிலவேந்திரன் ஏலம் போடும் இடத்துக்குக் கூட்டிப்போய் நல்ல சீலா ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நானே பிடித்தேன் என்று சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொல்லிக் கொடுத்தார். தவசி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பொய் சொல்லிப் போட்ட விருந்து பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். இவ்வளவு நல்லவனுக்கு ஆண்டவன் கொஞ்சம் மூளையும் கொடுத்திருக்கலாம்.

அங்கேயே மணலில் இரண்டாவது கூட்டம் நடந்தது. நாலு கேன் நிறையக் கடல் தண்ணீர் பிடித்துக்கொள்வது, வீட்டு டிரம்மில் ஊற்றுவது, அதில் மீனை விடுவது, சம்பந்தி கண் முன்னாலேயே தவசி பிடிப்பது. கடல் தண்ணீர், கடல் மீன், தவசி கை. எதில் பொய்?

"அண்ணாச்சி, அது செத்த மீனு" என்றார் பிலவேந்திரன்.

"தெரியும் தம்பி" என்றார் குருவையா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "தண்ணிய விட்டு வெளிய வந்ததாலதான செத்துச்சு? திரும்பத் தண்ணிக்குள்ள விட்டா அதுக்கு என்ன குறை?"

பிலவேந்திரன் கும்பிட்டார். ஒரு தூண்டில் கம்பை அவரே எடுத்துக் கொடுத்தார். ஐஸ் கட்டியாவது போட்டுக்கொண்டு போங்கள் என்று கடைசியாகக் கெஞ்சியிருக்கிறார். மீனுக்குச் சளி பிடித்துக்கொள்ளும் என்று வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விருந்து. சம்பந்தி பன்னிரண்டு பேரோடு வந்து இறங்கினார். நானும் போயிருந்தேன், இதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாசலில் பந்தல், பந்தலுக்கு நடுவே நீல டிரம், டிரம்முக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தவசி, கையில் தூண்டில். மீன் மேலே மிதந்தது. வந்தவர்களைப் பார்க்கத்தான் மேலே வந்திருக்கிறது என்று சோலைமணி எல்லாருக்கும் விளக்கினான். ஈக்களும் நிறைய வந்திருந்தன.

உள்ளே தவசியின் மனைவி சீனியம்மா மசாலா அரைத்து, புளி கரைத்து, குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. ஒரு மணிக்கு அரிவாள்மணையோடு வெளியே வந்தாள். அந்தக் கருமத்தைக் கையை விட்டு எடுத்துக் கொடுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் போனால் நாய்கூடத் தின்னாது என்றாள். அந்த ஊரில் புத்தி உள்ள ஒரே ஆள், அதனால் அவளைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.

"கையை விட்டு எடுத்தா அது எடுத்த மீனு" என்றார் தவசி. "பிடிச்ச மீனு ஆகாது."

மீன் கடிக்கவில்லை. பசியில்லையோ என்று அழகுவேல் இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டார். அதையும் தொடவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது எப்படிச் சாப்பிடும் என்று எல்லாரையும் ஒரு நாழிகை முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களும் திரும்பி நின்றார்கள். மாப்பிள்ளையும் நின்றான். கனிச்செல்வி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குத் தவசி நூலைச் சுற்றி எடுத்தார். கம்பைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"தோத்துட்டேன் சம்பந்தி. எம் மகளைப் பாத்துக்கிடுங்க. இனி நான் உங்க வாசலுக்கு வரமாட்டேன்."

சேர்மராஜ் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மைச் சுற்றி ஒரு தடவை வந்தார். குனிந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். மடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்து மீனின் வயிற்றைச் சுற்றி அளந்தார்.

"சம்பந்தி, யாரு தோத்தது?" என்றார். "காலையில நாங்க வந்து இறங்கினதும் இதே நூலைப் போட்டுப் பாத்தேன். இப்ப ரெண்டு விரக்கடை பெருத்திருக்கு. எம் மகன் காலடி வச்ச நேரம், மீனு வளருது. வளர்ற மீனைப் பிடிச்சாப் பாவம். தலைதீபாவளிக்கு வரோம், அன்னைக்குப் பிடிங்க. அதுவரைக்கும் நீங்க எங்க வாசலுக்குத் தாராளமா வந்து போங்க."

குருவையாவும் அதே நூலால் அளந்து பார்த்தார், பெருத்துத்தான் இருந்தது. தவசி சம்பந்தியைக் கட்டிக்கொண்டு விம்மினார். கனிச்செல்வி ஓடிவந்து இரண்டு பேர் காலிலும் விழுந்தாள். எல்லாரும் மீன் இல்லாத மீன் குழம்பை ஊற்றி வயிறாரச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் மிச்சமிருந்த கேன் தண்ணீரையும் டிரம்மில் ஊற்றி மூடினார்கள். தீபாவளி வரைக்கும் மீனுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று, அழகுவேல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூடியில் நாலு ஓட்டை போட்டார்.