ஆடாதொடைக்கு ஆடு முகம் திருப்பியது

ஆடும் செடியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்த ஆட்டுக்கும் இருமல் கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், மார்கழிப் பனி கொட்டும்போதும் மந்தை முழுவதும் ஒரு செருமல்கூட இல்லாமல் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். மேய்ச்சல் பாதையில் வேலியோரம் நின்ற ஆடாதொடைச் செடிதான் அதற்குக் காரணம்.

காலையில் மேயப் போகும் ஒவ்வோர் ஆடும் அதனிடம் நின்று இரண்டு இலை கடித்துவிட்டுப் போகும். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. குட்டிகள் மூஞ்சியைச் சுளிக்கும். துப்பாமல் முழுங்கச் சொல்லிச் செடியே அதட்டும். குட்டிகள் அதை அத்தை என்று கூப்பிட்டன. அந்தச் செடிக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேண்டியிருக்கவில்லை. அப்படியும் ஒரு காலம் இருந்தது.

அந்த மந்தையில் செவலை என்று ஓர் ஆடு. அதன் குட்டிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் சுட்டி என்றே பெயர். ஓரிடத்தில் கால் தரிக்காத பெண்குட்டி. ஓர் ஐப்பசி நாளில் அது காரி என்ற கறுப்பு ஆட்டின் குட்டியைக் கூட்டிக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்து சோளக்காட்டுக்குள் போய்விட்டது. முழங்கால் உயரம்கூட வளராத இளஞ்சோளம் ஆட்டுக்கு நஞ்சு. பெரிய ஆடுகளுக்கு இது தெரியும், குட்டிகளுக்குத் தெரியாது. செவலை பதறி ஓடித் தன் குட்டியை முட்டி வெளியே தள்ளியது. அதற்குள் காரியின் குட்டி வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தாயிடம் ஓடிப்போயிருந்தது.

மத்தியானம் அது நுரை தள்ளிச் செத்துப்போனது.

என்ன தின்றது என்று எல்லா ஆடுகளும் கேட்டன. காரிக்குத் தெரிந்தது ஒன்றுதான். "காலையில என் கண்ணு முன்னால அந்த ஆடாதொடையைத்தான் தின்னுச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதது.

செவலைக்கு உண்மை தெரியும். ஆனால் சொன்னால், கூட்டிப்போனது யார் என்ற பேச்சு வரும். காலம் முழுக்கச் சுட்டியைத்தான் குற்றம் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவளிடம் போய் நீ சொல்வது தப்பு என்று யாரால்தான் சொல்ல முடியும்? காரி கண்ணீரோடு அதன் முகத்தைப் பார்த்தது. "ஆமா மதினி, நானும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டது செவலை. அந்த ஒரு சொல்லோடு போய்விடும் என்றுதான் நினைத்தது.

பொய்க்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் குளத்தில் தண்ணீர் குடிக்கும்போதே செத்தது மூன்று குட்டிகள் என்றாகியிருந்தது. அடுத்த ஊர் மந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த இலை பட்டாலே நாக்கு கறுத்துவிடும் என்று ஆகியிருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டது கிழட்டுக் கிடாய். பிறந்த நாளிலிருந்து அந்த இலையைத் தின்று கொழுத்த கிடாய் அது. தனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான் என்றும் சொல்லிக்கொண்டது. செடியிடம் போய் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றத் தாய்களைப் போலவே செவலையும், அந்த இலையைத் தின்றால் செத்துப்போவாய் என்று காலையும் மாலையும் தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்காவது சந்தேகம் வருமே.

மார்கழி பிறந்தது. சுட்டிக்கு இருமல் வந்தது.

முதலில் சும்மா ஒரு செருமல்தான். பிறகு பால் குடிக்க முடியாமல், நிற்க முடியாமல் இருமியது. ஒருநாள் மந்தை முன்னால் போகட்டும் என்று பின்தங்கி, செவலை குட்டியைச் செடியிடம் கூட்டி வந்தது. இரண்டு மாதமாகத் தன்னை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று செடி குறை சொல்லவில்லை. கொழுந்துக் கிளையைக் குட்டியின் வாய்க்கு எட்டும்படி தாழ்த்தியது.

"தின்னு தாயி. ரெண்டே எலை."

சுட்டி பல்லை இறுகக் கடித்துக்கொண்டது. குட்டிக்குப் பயம் போகட்டும் என்று செவலை ஓர் இலையைப் பறித்து மென்று காட்டியது. அதைப் பார்த்ததும் குட்டி கதறிவிட்டது.

"துப்பும்மா. செத்துப்போவ."

"இது நல்ல எலைடி. அம்மா பொய் சொல்லிட்டேன்."

"நீதானம்மா சொன்ன, இதத் தின்னா செத்துருவோம்னு."

செவலை எவ்வளவோ கெஞ்சியது. குட்டி வாயைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பத்து நாள், இருமல் சத்தம் வேலிவரை கேட்டுக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று செடி சந்தோஷப்பட்டது. அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு அது ஓடிவரும் என்று கொழுந்தைத் தாழ்த்திக் காத்திருந்தது. மந்தை வந்தது. செவலை தனியாக வந்தது.

அன்றைக்குத்தான் செவலை மந்தை நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னது. சோளக்காட்டை, தன் குட்டி கூட்டிப்போனதை, தான் சொன்ன பொய்யை, ஒன்றையும் மறைக்கவில்லை. ஆடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. காரி முன்னால் வந்து அதன் கழுத்தை நக்கிக்கொடுத்தது.

"பிள்ளை போன துக்கத்துல என்னென்னமோ பேசுறா, பாவம்" என்றது.

மந்தை நடக்கத் தொடங்கியது.

வேலியில் காயும் வேட்டியைக்கூட விட்டுவைக்காத ஆடு, ஆடாதொடையைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த ஐப்பசியில் தொடங்கியதுதான். இன்றைக்கும் பனிக்காலத்தில் மந்தை இருமிக்கொண்டே அந்த வேலியைத் தாண்டிப் போகிறது, செடியும் கொழுந்தைத் தாழ்த்திக்கொண்டுதான் நிற்கிறது.