மஞ்சள் முகத் தேனீ

கூட்டமாக வாழாத தேனீக்கள் உண்டு. அவற்றுக்கு ராணி கிடையாது, தேனடை கிடையாது. ஒவ்வொரு தாயும் தனியாக ஏதாவதொரு மூங்கில் துளைக்குள் இலையைச் சுருட்டி வைத்து முட்டையிடும். வாயை அடைத்துவிட்டுப் போய்விடும்.

அந்தத் தேனீக்களை இனம் பிரிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் பேராசிரியர் தீர்த்தகிரி. அவருடைய மாணவி பொற்கொடி ஒரு கட்டுரையோடு வந்தாள். அவள் தம்பி நீலமேகம் மலையில் பிடித்த மஞ்சள் முகத் தேனீயைப் பற்றிய கட்டுரை. அதைப் பிடித்த மாதமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். புது இனம் என்று எழுதி, அவன் பெயரையே அதற்கு வைத்திருந்தாள்.

"புது இனம்தானே, சார்? நீங்க சரின்னா இன்னைக்கே ஆய்விதழுக்கு அனுப்பிடுவேன்."

அவர் கட்டுரையைத் தொடவில்லை. அவள் தோட்டத்தில் கட்டியிருந்த மூங்கில் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரே தாய் கூடு கட்டியதை அவளே ஆரம்பத்திலிருந்து பார்த்திருந்தாள்; வந்து போன வேகத்தில் அது எந்த இனம் என்று மட்டும் தெரியவில்லை. குழாயைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒரு காலை அடைப்பு உடைந்தது. மஞ்சள் முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"என் தம்பி வந்துட்டான், சார்."

"ஆம்பளைங்க முதல்ல கிளம்பிடுவாங்க. பொம்பளைங்க வர நேரமாகும். பொறு."

இரண்டு நாள் கழித்து, அதே குழாயிலிருந்து, கருத்த தேனீ ஒன்று வந்தது. பேராசிரியர் இளவயதில் பெயர் வைத்த தேனீ.

பொற்கொடி ஜாடியை அருகே இழுத்துப் பார்த்தாள். பிறகு, வேறு இனம் ஏதாவது திருட்டுத்தனமாக முட்டை வைத்திருக்கலாம், தேனீக்களில் அப்படிப்பட்ட கள்ளிகள் உண்டே என்றாள். அவர் வாதாடவில்லை. லென்ஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டின் இறக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நரம்புக்கு நரம்பு ஒன்றாக இருந்தது.

மஞ்சள் ஆண், கருப்பு பெண். இனம் ஒன்றுதான். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அதுதான் விதி.

"இதை நாம ரெண்டு பேர் மட்டும்தானே பார்த்தோம்?" என்றாள், தலை நிமிராமல்.

"ஆமா. நாம ரெண்டு பேர் மட்டும்தான்."

ஜாடிக்குள் சிறகுச் சத்தம் மட்டும் கேட்டது. பொற்கொடி கட்டுரையை இழுத்து, தலைப்பில் இருந்த தம்பியின் பெயரைத் தானே அடித்தாள்.

"உங்க பேரே நிக்கட்டும், சார். என் தம்பிக்குன்னு இனி என்ன இருக்கு?"

"நான் பேர் வெச்சது பாதித் தேனீக்குத்தாம்மா. இத்தனை வருஷம் தேடியும் அதோட ஆண் என் கையில சிக்கலை. அதைக் கொண்டுவந்தவன் யாருன்னு எழுது."