பலாமரத்தடியில், எண்ணெய் மீசையோடு

முன்னொரு காலத்தில் கொண்டல்நாட்டைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும். துறைமுகத்துக்கு வெள்ளைக்காரர்களின் கப்பல் வந்ததும் அவருக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்தது. மந்திரி சவரிராயருக்கு அந்தப் பாஷை தெரியும். ஆகவே வாத்தியார் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

இங்கிலீஷ் இலக்கணத்தில் ஃப்ரேஸும் (phrase) க்ளாஸும் (clause) வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

"இரண்டுமே நாலைந்து வார்த்தைகளின் கூட்டம்தானே? எதற்கய்யா இரண்டு பெயர்?" என்று சபை நடுவே கத்தினார் ராஜா.

"க்ளாஸில் யாரோ எதையோ செய்வார்கள், மகாராஜா. ஃப்ரேஸில் அது இருக்காது."

"புரியவில்லை!"

மந்திரி பதவி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அரண்மனை மணியக்காரர் அங்கப்பர் சும்மா இருப்பாரா? "மகாராஜாவுக்கே புரியவில்லை என்றால் வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அப்படியா? சபை கலைவதற்குள் புரிய வையும், சவரிராயரே. இல்லாவிட்டால் அங்கப்பர்தான் மந்திரி."

சவரிராயர் தவித்துப்போய் அங்கப்பரைப் பார்த்தார். எப்போதும் முறுக்கி நிற்கும் மீசை அன்று நல்லெண்ணெயில் ஊறித் தொங்கியது. பலாப்பால் ஒட்டிய ஆள்தான் இப்படி எண்ணெய் தேய்ப்பான். ராஜா தமக்கென்று காவல் போட்டு வைத்திருந்த பலாப்பழம் முந்தின நாள்தான் காணாமல் போயிருந்தது. குரங்கு தின்றுவிட்டது என்று சத்தியம் பண்ணியவர் இதே அங்கப்பர்! ஆனால் சாட்சி இல்லாமல் வாய் திறந்தால் தலை தப்பாது.

சவரிராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நேற்று மத்தியானம்…"

"என்ன நேற்று மத்தியானம்?" என்றார் ராஜா.

"ராஜாவின் தோட்டத்தில்…"

அங்கப்பரின் கை மீசைக்குப் போனது.

"பெரிய பலாமரத்தடியில்…"

"சொல்லித் தொலையுமய்யா! யார்? என்ன செய்தான்?" ராஜா ஆசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார்.

சவரிராயர் நிதானமாகத் திரும்பி அங்கப்பரைப் பார்த்துச் சிரித்தார். "எண்ணெய் மீசையோடு…"

"ஐயோ மகாராஜா, நான் தின்றேன்!" தடாலென்று காலில் விழுந்தார் அங்கப்பர்.

சபை வாயைப் பிளந்தது.

"இதுதான் க்ளாஸ், மகாராஜா" என்றார் சவரிராயர். "ஆளும் வந்துவிட்டார், செய்ததும் வந்துவிட்டது. நான் சொன்னதெல்லாம் வெறும் ஃப்ரேஸ். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை."

"வாசனை இழுத்ததால்…" என்று விசும்பினார் அங்கப்பர்.

"இரும்! இதில் வாசனை இருக்கிறது, இழுத்ததும் இருக்கிறது. ஆனாலும் மேலே என்ன என்று காத்திருக்கிறேனே?"

"அதுவும் க்ளாஸ்தான், மகாராஜா. ஆனால் தனியாக நிற்கத் தெம்பில்லாதது. இன்னொன்றின் மேல் சாய வேண்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சவரிராயருக்குப் போட்டார். "என் ஆயுசுக்கும் நீர்தான் மந்திரி!" பிறகு அங்கப்பர் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"இருட்டுச் சிறையில், ஆறு மாதம், கூழோடு…"

அவ்வளவுதான். எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

"முடித்துவிட்டுப் போங்கள் மகாராஜா!" என்று அலறிக்கொண்டே பின்னால் ஓடினார் அங்கப்பர்.